காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாலும் சாட்சிதான்: வேலையிடத் தொல்லை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதமும் சொத்துத் தகராறு, ஜீவனாம்சக் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரிகளாலும் முதலாளிகளாலும் வரும் பாலியல் தொல்லை பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கியிருக்கிறேன்.

அக்கா, எனக்கு 28 வயது. கோவையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். எங்கள் ஜி.எம். ஐம்பதைத் தாண்டியவர், ஊரில் நல்ல பெயர். ஆறு மாதமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ‘சாப்டாச்சா?’ என்று ஆரம்பிப்பார். பதில் போடாவிட்டால் மறுநாள் காலையில் என் ஃபைல் மட்டும் திரும்பி வரும். அப்புறம் ‘அந்த மஞ்சள் புடவைதான் உனக்கு எடுப்பு’ என்று தொடங்கி, சொல்லக் கூசும் மெசேஜ்கள். சிலவற்றை அனுப்பிவிட்டு அழித்துவிடுவார். போன மாதம் ஆடிட் முடியும்போது மணி ஒன்பதரை. ‘நானே விடறேன்’ என்று காரில் ஏற்றிக்கொண்டு, கியர் மாற்றுகிற மாதிரி என் தொடையில் கை வைத்தார். சிக்னலில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஹெச்.ஆரில் வாய்வார்த்தையாகச் சொன்னேன். ‘நான் பார்த்துக்கிறேன்மா, நைசா சொல்லி வைக்கிறேன்’ என்றார்கள். மெசேஜ் நின்றுவிட்டது. ஆனால் இன்க்ரிமென்ட் பட்டியலில் என் பெயர் இல்லை. அம்மா ‘கல்யாணம் பேசுற நேரம், வேலையை விட்டுடு’ என்கிறாள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கோவை

அன்புத் தங்கைக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை ‘என் ஃபைல் மட்டும் திரும்பி வரும்’ என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். காரில் நடந்தது குற்றம் என்று யாருக்கும் உடனே புரியும், ஆனால் இந்த ஃபைல் திரும்பி வருவதும், இன்க்ரிமென்ட் பட்டியலில் பெயர் விடுபடுவதும் சட்டத்தின் கண்ணில் அதே தொல்லையின் பகுதிதான் என்பது பலருக்குத் தெரியாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: இணங்கினால் சலுகை என்று நேராகவோ மறைமுகமாகவோ காட்டுவது, இணங்காவிட்டால் வேலையில் கெடுதல் வரும் என்று மிரட்டுவது, அந்த இடத்தில் நிம்மதியாக வேலை செய்ய முடியாத சூழலை உண்டாக்குவது எல்லாமே இதில் வரும். வேலைக்காகப் போகிற இடமும், கம்பெனி தரும் வாகனமும் சட்டப்படி வேலையிடம்தான். ஆடிட் முடிந்து ஜி.எம். ஓட்டிய கார் என்பதால் ‘அது ஆபீஸ் இல்லையே’ என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம்.

சரி, ஹெச்.ஆரில் சொன்னீர்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நான் பத்து வருடத்துக்கு மேல் பல நிறுவனங்களின் உள்ளகப் புகார்க் குழுக்களில் (இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே சட்டப்படி அமைக்கும் குழு) வெளி உறுப்பினராக, அதாவது நிறுவனத்தைச் சேராதவராக, உட்கார்ந்திருக்கிறேன், ‘நான் பார்த்துக்கிறேன்மா’ என்று தொடங்கிய எந்த விஷயமும் அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை. நைசாகச் சொல்லி வைத்தால் என்ன ஆகும்? உங்களுக்கே நடந்திருக்கிறதே. நீங்கள் வாயைத் திறந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது, கம்பெனியிடம் ஒரு தாள்கூட இல்லை, நாளைக்கு ‘எங்களிடம் புகாரே வரவில்லை’ என்று அவர்களால் சொல்ல முடியும், அதற்குள் நாளும் ஓடிவிடும். சட்டம் கேட்பது இந்தக் குழுவிடம் எழுத்துப் புகார். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து நடந்தது என்றால் கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த வாரமே எழுதுங்கள்.

எப்படி எழுதுவது என்று பயப்பட வேண்டாம். ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நடந்த விசாரணை எனக்கு மறக்காது (ஊர், ஆள் எதையும் சொல்லப்போவதில்லை). புகார் கொடுத்த டெய்லர் அக்கா எட்டாவது வரை படித்தவர். மடித்து மடித்து நைந்துபோன ஒரு மஞ்சப்பையைத் திறந்து மேஜையில் கொட்டினார். உள்ளே தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள். சூப்பர்வைசர் ஏதாவது சொன்ன அன்று, வீட்டுக்குப் போனதும் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறார். ‘லைன் 4, சாயங்கால டீ டைம், பின்னாடி நின்னு இடிச்சான், செல்வி பாத்தா’ என்கிற மாதிரி. தேதி, கிழமை, ராகுகாலம் எல்லாம் அச்சிலேயே இருந்தது. எதிர்த் தரப்பு ‘இதெல்லாம் ஜோடித்தது’ என்றார்கள். பஞ்சிங் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தோம், அவர் எழுதியிருந்த அத்தனை நாளும் இரண்டு பேரும் ஒரே ஷிப்ட்டில் இருந்தார்கள். அந்தத் தாள்கள்தான் அந்த அக்காவைக் காப்பாற்றின.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆறு மாதமாக நடந்ததை, நினைவுக்கு வருகிற வரிசையில், தேதி சரியாகத் தெரியாவிட்டால் ‘தீபாவளிக்கு முந்தைய வாரம்’ என்றாவது குறித்து, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், கூசினாலும் எழுதுங்கள். மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆனால் மூல உரையாடலையும் போனையும் பத்திரமாக வைத்திருங்கள். அழித்த மெசேஜுக்குப் பதிலாக ‘இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது’ என்று நிற்கிற வரி நேரத்தோடு இருக்கும், ராத்திரி 11.40க்கு ஜி.எம். ஒருவர் அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்கு எதை அனுப்பி எதற்காக அழித்தார் என்று குழு அவரிடம்தான் கேட்கும். ஆட்டோவை ஆப்பில் பிடித்திருந்தால் அந்த ரசீது, அன்று ராத்திரி நீங்கள் அழுதுகொண்டே போன் செய்த தோழி, திரும்பி வந்த ஃபைல்களின் மின்னஞ்சல் எல்லாமே உதவும். புகாரோடு இவற்றையும் சாட்சிகளின் பெயரையும் சேர்த்து ஆறு பிரதிகள் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் கைப்பிரதி ஒன்றில், பெற்றுக்கொண்டதாகத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி, அது கம்பெனிக் கணக்கிலிருந்து வேண்டாம், சொந்தக் கணக்கிலிருந்து.

புகார் வந்த ஏழு வேலை நாளுக்குள் குழு அவருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அறிக்கை வந்தபின் 60 நாளில் கம்பெனி நடவடிக்கை எடுக்க வேண்டும். நடுவில் ஒன்று கேளுங்கள், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்: விசாரணை முடியும்வரை உங்கள் அப்ரைசலை அவர் எழுதக் கூடாது என்று குழு பரிந்துரைக்க முடியும், இடமாற்றமோ மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்போகூடத் தர முடியும், ஆனால் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். சமரசம் பேசலாம் என்று ஆரம்பிப்பார்கள். சமரசம் நீங்கள் விரும்பிக் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் கொடுத்து முடிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. காவல் நிலையத்துக்குப் போவது தனி வழி. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 75ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது, தொட்டதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. குழுவிடம் கொடுத்ததால் போலீசுக்குப் போகக் கூடாது என்பதும் இல்லை.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் கல்யாணப் பேச்சில் ‘ஏன் விட்டாள்?’ என்ற கேள்விதான் முதலில் வரும். நீங்கள் நாலு வருடம் கஷ்டப்பட்டுக் கற்ற வேலை அது. தப்புச் செய்தவர் அந்த நாற்காலியில் இருக்க, நீங்கள் ஏன் எழுந்து போக வேண்டும்?

ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அதிகாரியாக இருக்கிறேன், வயது 44. ஆண்டு விழா விருந்தில் எங்கள் மண்டல மேலாளர் எல்லோர் முன்னாலும் என் இடுப்பில் தட்டினார். கூட இருந்தவர்கள் ‘குடிச்சிருந்தார் மேடம், ஒரு சின்ன விஷயத்துக்கா இவ்வளவு?’ என்கிறார்கள். நிஜமாகவே நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
– சேலம் வாசகி

இல்லை. இதே ‘சின்ன விஷயம்’ என்ற வார்த்தையோடு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1988 ஜூலையில் சண்டிகரில் ஒரு விருந்து. ரூபன் தியோல் பஜாஜ் என்ற பெண் அப்போது ஐ.ஏ.எஸ். அதிகாரி. பஞ்சாப் காவல்துறையின் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில், அத்தனை பேர் முன்னிலையில் அவருடைய பின்பக்கத்தில் தட்டினார். பயங்கரவாதத்தை அடக்குகிறவர் என்று நாடே கொண்டாடிக்கொண்டிருந்த மனிதர். ரூபன் மேலதிகாரிகளிடம் போனார், எல்லோரும் விட்டுவிடச் சொன்னார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார், உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1995ல் அந்த நீதிமன்றம், ஒரு பெண்ணின் கண்ணியத்தைத் தொடுகிற செயலை அற்பம் என்று தள்ள முடியாது என்று சொல்லி விசாரணைக்கு அனுப்பியது. 1996ல் கில் குற்றவாளி எனத் தீர்ப்பானது, 2005ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள், 17 வருடம். ஐ.ஏ.எஸ். பதவியில் இருந்த ஒருவருக்கே 17 வருடம் ஆனது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் அவர் போன காலத்தில் உள்ளகக் குழு கிடையாது, 90 நாள் கெடு கிடையாது, இந்தச் சட்டமே கிடையாது. உங்களுக்கு இவை எல்லாம் இருக்கின்றன. குடித்திருந்தார் என்பது அவர் சொல்ல வேண்டிய சமாதானம், அதைக் குழுவில் வந்து அவரே சொல்லட்டும். விருந்தில் கூட இருந்தவர்களின் பெயர்களை இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள், இரண்டு வாரம் கழித்துப் பாதிப் பேருக்கு ‘சரியா கவனிக்கலையே’ என்று மறந்துபோகும்.

வணக்கம் மேடம். நான் சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டீம் மேனேஜர். ஆண். எங்கள் குழுவில் பெண்களிடம் சகஜமாகப் பேசுவேன், வேலையைப் பார்க்கும்போது பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன், தோளில் தட்டிப் பாராட்டுவேன். மனதில் எந்தக் கல்மிஷமும் கிடையாது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் புகார் என்கிறார்கள். நான் எப்படித்தான் வேலை வாங்குவது?
– சென்னை வாசகர்

தம்பி, கேட்டதற்கு நன்றி, கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். உங்கள் மனதில் கல்மிஷம் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் கேள்வி உங்கள் மனதைப் பற்றியது கிடையாது. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏறக்குறைய நீங்கள் எழுதியது போலவே ஒரு வழக்கு வந்தது. ஐ.டி. நிறுவன மேலாளர் ஒருவர் பெண் ஊழியர்களின் இருக்கைக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறார், தொடுகிறார் என்று புகார். அவர் சொன்ன பதில், வேலையை மேற்பார்வை பார்க்கத்தான் நின்றேன் என்பது. தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. செய்தவரின் நோக்கம் என்ன என்பதைவிட, அந்தச் செயலை அந்தப் பெண் விரும்பாததாக, பொருந்தாததாக உணர்ந்தாரா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது என்றது. தொட்டால்தான் தொல்லை என்பதும் பழைய நினைப்பு. 1999லேயே ஒரு ஏற்றுமதிக் கழக வழக்கில், உடல் தொடர்பு நடந்ததாக நிரூபணம் ஆகவில்லை என்று அந்த அதிகாரிக்கு வேலை திருப்பித் தரப்பட்டதை உச்ச நீதிமன்றம் தவறு என்று சொல்லி, டிஸ்மிஸை உறுதி செய்தது.

யோசித்துப் பாருங்கள், உங்கள் டைரக்டர் பின்னால் நீங்கள் ஒட்டி நின்று ஸ்கிரீனைப் பார்ப்பீர்களா, அவர் தோளில் தட்டுவீர்களா? மாட்டீர்கள். அப்போது அது சகஜம் என்பதால் செய்வது இல்லை, கீழே வேலை செய்கிறவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில் செய்வது, அது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். உங்கள் கையில் அவர்களுடைய ரேட்டிங் இருக்கிறது. நீங்கள் தட்டும்போது அவர்கள் சிரிப்பதை வைத்து அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அல்லது ஸ்கிரீனை ஷேர் பண்ணச் சொல்லுங்கள். பாராட்ட வாய் போதும். வேலை நன்றாகவே நடக்கும்.

அம்மா, மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ளாக இருக்கேன். மொத்தம் ஏழு பேர்தான். முதலாளியே குடோனுக்குக் கூப்பிட்டு அசிங்கமா நடந்துக்கிறார். விசாகா கமிட்டி எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானாமே? எனக்கு எழுதக்கூட அவ்வளவா வராது.

மகளே, உனக்கும் உண்டு. ‘விசாகா’ என்கிற பெயரே உன்னைப் போல எளிய ஒரு பெண்ணால் வந்ததுதான். ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் பன்வாரி தேவி, அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் சொற்ப ஊதியத்துக்கு வேலை செய்தவர். 1992ல், கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்கப் போனார். அது அவருடைய வேலை. அதற்குப் பழிவாங்க அவரைக் கூட்டாகப் பலாத்காரம் செய்தார்கள். கீழ் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அவருக்கு நடந்ததைப் பார்த்துக் கொதித்த பெண்கள் அமைப்புகள் ‘விசாகா’ என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால், 1997 ஆகஸ்டில் வழிகாட்டு நெறிகள் வந்தன, பிறகு 2013ல் சட்டம் வந்தது. நாட்டில் எந்த ஏசி ஆபீசிலும் இன்று ஒரு குழு உட்கார்கிறது என்றால் அதற்கு ஆரம்பம் அந்தக் கிராமத்துப் பெண்தான்.

பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் அதே குழுதான். கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மாவட்ட சமூக நல அலுவலகம் எங்கே என்று கேள். எழுத வராது என்று தயங்காதே, எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை, சட்டத்திலேயே இருக்கிறது. போக வழி தெரியாவிட்டால் 181 என்ற எண்ணுக்குப் போன் போடு, பெண்களுக்கான உதவி எண், காசு ஆகாது. அதுவரை குடோனுக்குத் தனியாகப் போகாதே. கூட வேலை செய்கிற பிள்ளைகளிடம் சொல், அவர்களையும் கூப்பிட்டிருப்பார். இரண்டு பேர் சேர்ந்து போனால் உன் கால் நடுங்காது.

தொழிற்சாலைப் பெண்கள் சேர்ந்ததால் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். திண்டுக்கல் பக்கம் 2021ல் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் கொல்லப்பட்டார், அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022ல் ஆலை நிர்வாகத்தோடும் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ போட்டது. அதன்படி, தையல் தளத்திலேயே வேலை செய்யும் பெண்கள் சிலர் பயிற்சி பெற்று, தொல்லையைக் கவனித்துச் சொல்பவர்களாக ஆனார்கள். ஓர் உயிர் போன பிறகு வந்தது என்பது எனக்கு இன்னும் ஆறாத வேதனை.

நான் ஒரு நிறுவனத்தின் ஹெச்.ஆரில் இருக்கிறேன், உள்ளகக் குழுவிலும் உறுப்பினர். புகார் எங்கள் எம்.டி. மீதே வந்திருக்கிறது. ‘புகார் கொடுத்த பெண்ணை ஓசூர் கிளைக்கு மாற்றிவிடுங்கள், குழுவுக்கு நம்ம கம்பெனி வக்கீலையே வெளி உறுப்பினராகப் போடுங்கள்’ என்று மேலே இருந்து உத்தரவு. எனக்கும் இ.எம்.ஐ. இருக்கிறது மேடம். என்ன செய்வது?

இ.எம்.ஐ. இருப்பதைச் சொன்னீர்களே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் உங்களைக் காப்பாற்றுகிற மாதிரியும் ஒரு வழி சொல்கிறேன்.

எம்.டி. சட்டப்படி ‘முதலாளி’ என்ற இடத்தில் வருகிறவர். தன் கீழே வேலை செய்கிறவர்களைக் கொண்ட குழு அவரை விசாரிக்க முடியாது என்பதால்தான், முதலாளி மீதான புகார் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணிடம் இதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இது உங்கள் தோளிலிருந்தும் பாரத்தை இறக்கும்.

மாற்றலைப் பற்றி. இந்தூரில் ஒரு பொதுத்துறை வங்கியின் தலைமை மேலாளராக இருந்த பெண், மதுபான ஒப்பந்தக்காரர்களின் கணக்குகளில் முறைகேடு நடப்பதாகவும் தனக்குப் பாலியல் தொல்லை நடப்பதாகவும் எழுதினார். அவரை ஜபல்பூர் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிளைக்குத் தூக்கியடித்தார்கள். உயர் நீதிமன்றம் அந்த மாற்றலை ரத்து செய்தது, 2020ல் உச்ச நீதிமன்றம் அது பழிவாங்கல் என்று சொல்லி அந்தத் தீர்ப்பை உறுதி செய்து அவரை இந்தூருக்கே அனுப்பியது. அந்த வழக்கிலேயே இன்னொன்றும் வெளியே வந்தது: குழுவின் வெளி உறுப்பினர், அதே வங்கிக்கு வழக்காடும் வக்கீல். உங்களிடம் சொல்லியிருக்கிற இரண்டு உத்தரவும் அப்படியே அங்கே நடந்தவை. வெளி உறுப்பினர் என்று ஒருவரைச் சட்டம் கேட்பதே கம்பெனியைச் சார்ந்திருக்காத ஒரு குரல் அறைக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக. சரியான குழு இல்லாத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் இரட்டிப்பு, உரிமம் ரத்தாகும் வரைகூடப் போகலாம். இதை அப்படியே ஒரு மின்னஞ்சலில், பணிவாக, ‘இப்படிச் செய்தால் நிறுவனத்துக்கு இந்தச் சட்டச் சிக்கல் வரும் என்று தெரிவிக்க வேண்டியது என் கடமை’ என்று மேலே அனுப்புங்கள். வாயால் வந்த உத்தரவுக்கு எழுத்தில் பதில். நாளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள் சொன்னதற்குச் சாட்சி இருக்கும்.

மேலே இருப்பவரைக் காப்பாற்றப் போனவருக்கு என்ன ஆகும் என்பதை நம் ஊரிலேயே பார்த்தோம். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு காவல்துறையின் சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது ஒரு பெண் எஸ்.பி. புகார் சொன்னார். புகார் கொடுக்கச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய காரைச் செங்கல்பட்டு அருகே வழிமறித்தார்கள். துப்பாக்கி ஏந்திய காவலர்களுக்கு உத்தரவு போடுகிற பதவியில் இருந்த பெண்ணின் கார் அது! 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் டி.ஜி.பி.க்கு மூன்றாண்டு சிறை விதித்தது. வழிமறித்த விவகாரத்தில் அப்போதைய செங்கல்பட்டு எஸ்.பி.க்கும் அபராதம் போட்டது. மூன்றாண்டுத் தண்டனையை 2024ல் மாவட்ட நீதிமன்றமும் உறுதி செய்தது, அதற்கு மேலும் வழக்கு போனது. காரை மறித்தவர் தனக்காக எதையும் செய்துகொள்ளவில்லை. தீர்ப்பில் மட்டும் அவர் பெயரும் சேர்ந்துகொண்டது.

அண்ணாநகரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் வேலை செய்யும் இடத்தில் அவளுடைய டைரக்டர் தவறாக நடந்துகொண்டதை நாலு மாதம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னாள். ‘சொன்னா வேலைக்கே போக வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்தேன்’ என்கிறாள். மூன்று மாதம் தாண்டிவிட்டதே, இனி ஒன்றும் செய்ய முடியாதா? நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று அவள் மீதே நடவடிக்கை வருமா?
– ஒரு அப்பா

ஐயா, உங்களிடம் இப்போதாவது சொன்னாளே, அதற்காக நிம்மதி அடையுங்கள்.

இன்னும் வழி இருக்கிறது, ஆனால் ஓட வேண்டும். மூன்று மாதத்துக்குள் தர முடியாத சூழல் இருந்தது என்று குழு திருப்தி அடைந்தால், காரணத்தைப் பதிவு செய்து மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆகவே புகாரின் முதல் பத்தியிலேயே தாமதத்துக்கான காரணத்தை அவள் சொந்த வார்த்தையில் எழுதட்டும், உங்களிடம் சொன்ன அதே காரணத்தை. மருத்துவரைப் பார்த்திருந்தால், தூக்கமில்லாமல் மாத்திரை எடுத்திருந்தால், அந்தச் சீட்டையும் சேர்க்கட்டும். ஆறு மாதம் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 செப்டம்பரில் வந்த தீர்ப்பைப் பாருங்கள்: ஒரு சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீது ஆசிரியை ஒருவர் கொடுத்த புகாரில், கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் டிசம்பர். காலம் கடந்தது என்று உச்ச நீதிமன்றமும் தள்ளியது. ஆனாலும் அந்த நீதிபதிகளுக்கு மனம் ஆறவில்லை போலும், இந்தத் தீர்ப்பு அந்தத் துணைவேந்தரின் சுயவிவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சட்டம் படித்த ஆசிரியைக்கே நாள் தவறிவிடுகிறது என்றால், பயத்தில் இருக்கிற பெண்ணுக்கு நாட்காட்டி எங்கே தெரியும்? இந்த ஆறு மாதக் கெடு மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்போதைக்கு இருப்பது இதுதான்.

இரண்டாவது கேள்விக்கு: நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் அவள் மீது நடவடிக்கை எடுக்க முடியாது, சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. வேண்டுமென்றே பொய் சொன்னாள், போலி ஆவணம் கொடுத்தாள் என்று தனியாக விசாரித்து நிறுவினால்தான் அந்தப் பேச்சு. அவள் பெயரையோ விசாரணை விவரத்தையோ குழு வெளியே விடக் கூடாது. குழு சொன்ன முடிவு பிடிக்காவிட்டால் 90 நாளில் மேல்முறையீடு உண்டு.

வேலைக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் பயந்ததே அதற்குத்தான். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவளோடு உட்காருங்கள், எதுவும் கேட்காமல், அவள் எழுதி முடிக்கும்வரை. நடந்ததைப் படித்துக்காட்டச் சொல்லாதீர்கள், அப்பாவிடம் காட்ட முடியாத வரிகள் அதில் இருக்கும். நாளைக் காலை ஆறு பிரதி எடுத்துவந்து கொடுங்கள். அவள் கொடுக்கப் போகும்போது கூடப் போங்கள். விசாரணை அறைக்குள் உங்களை விட மாட்டார்கள். வெளியே ரிசப்ஷனில் உட்கார்ந்திருங்கள், எவ்வளவு நேரமானாலும்.